மூன்று தளத்தில் மூன்று எச்-இண்டெக்ஸ்: மதிப்பீட்டுக் குறிப்பில் எதை எழுதுவது?

கேள்வி (குறிப்பெழுதி):
வணக்கம். பதவி உயர்வுக் குழுவுக்காக ஒரு உயிர்வேதியியல் ஆய்வாளரின் ஆய்வுத் தாக்கம் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். கட்டுரை எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோளையும் சேர்த்துச் சொல்லும் எண்ணான எச்-இண்டெக்ஸ், மேற்கோள்களை எண்ணித் தரும் மூன்று தளங்களில் மூன்று விதமாக இருக்கிறது: கூகுள் ஸ்காலரில் 21, ஸ்கோபஸில் 16, வெப் ஆஃப் சயன்ஸில் 15. இதில் எதை எடுத்துக்கொள்வது? மொத்தம் 62 கட்டுரைகள். நான்கு கட்டுரைகளில் 200 பேருக்கு மேல் ஆசிரியர்கள். மேற்கோள்களில் பாதி அந்த நான்குக்குத்தான். கூட்டு ஆய்வையும் எண்ணில் காட்டச் சொல்கிறார்கள். அதற்கு என்ன வழி?

தரவுப்பிரியன்:
மூன்றும் சரியான எண்கள்தான், எண்ணும் பரப்புதான் வேறு. ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்) எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோளைச் சேர்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு தளத்தை மட்டும் எடுத்து, தளத்தின் பெயரையும் தரவு எடுத்த தேதியையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்றுக்கும் சராசரி போட்டால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

அதற்கு முன் கட்டுரைப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான பிழை இங்கேதான் நுழைகிறது. அதே பெயரும் முன்னெழுத்தும் உள்ள வேறொருவரின் கட்டுரை கலந்திருக்கும். அல்லது ஒருவரே இரண்டு சுயவிவரமாகப் பிரிந்திருப்பார். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணின் கீழுள்ள பட்டியலையும் தளத்தின் பட்டியலையும், ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள அடையாளக் குறியீடான டிஓஐ வைத்து ஒப்பிடுங்கள். டிஓஐக்கு முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியை வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டாக நிற்கும். முன்வரைவுக்கும் இதழில் வந்த வடிவத்துக்கும் டிஓஐ வேறு. அவற்றைத் தலைப்பைப் பார்த்துக் கையால்தான் இணைக்க முடியும்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டும் தன்மேற்கோளை எப்படி நீக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேற்கோள் காட்டும் கட்டுரையில் இந்த ஆய்வாளர் இருந்தால் மட்டும் நீக்குவது ஒரு முறை; அவருடைய இணை ஆசிரியர் யார் இருந்தாலும் நீக்குவது இன்னொன்று. 200 பேர் எழுதிய கட்டுரைக்கு இரண்டாவது முறையைப் போட்டால், அந்த 200 பேரும் பின்னால் தனித்தனியாக எழுதிய கட்டுரைகளில் அதற்குக் காட்டிய மேற்கோள்களெல்லாம் அடிபட்டுப் போகும்.

அளவியல்:
எச்-இண்டெக்ஸை மட்டும் நம்ப வேண்டாம். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன கணக்கு எளிது: கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 22, 9, 6, 5, 3 என்று இருந்தால் ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 6 இல்லை. ஆகவே எச் 5. முதல் கட்டுரையின் 40, 4,000 ஆனாலும் எச் 5தான். பணிக்காலம் கூடக்கூட அது ஏறுமே தவிர இறங்காது. இளையவரையும் மூத்தவரையும் அதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றும் ஒத்த கட்டுரைகளோடு ஒப்பிட்ட எண்ணைக் கொடுங்கள். அப்படி ஒப்பிடும் ஸ்கோபஸின் எஃப்டபிள்யூசிஐ என்ற எண்ணில் 1 என்பது உலகச் சராசரி. ஆனால் 62 கட்டுரைகளில் ஒன்று வெடித்தால் போதும், சராசரி எங்கோ போய்விடும். 'துறையில் முதல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரை' என்ற எண் அப்படி ஆடாது. மீளாய்வுக் கட்டுரைகளையும் (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை) முறைக் கட்டுரைகளையும் (ஆய்வு முறையை விளக்குபவை) தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். உங்கள் உயிர்வேதியியலிலேயே, 1951இல் லோரியும் மற்றவர்களும் எழுதிய புரத அளவீட்டுக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. எத்தனை ஆய்வகங்கள் அந்த முறையைக் கையாண்டன என்பதை அந்த எண் காட்டும். அதை ஒரு கண்டுபிடிப்புக் கட்டுரையின் எண்ணோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

வலைப்பின்னல்:
கூட்டு ஆய்வுக்கு இணை ஆசிரியர்களின் தலைகளை எண்ணினால் அந்த நான்கு கட்டுரைகளே 800 பேரைக் கொண்டுவந்துவிடும். வலைப்பின்னல் ஆய்வாளர் நியூமனின் எடையிடும் முறையைப் பாருங்கள்: ஒரு கட்டுரையில் n ஆசிரியர்கள் என்றால், ஒவ்வொரு ஜோடிக்கும் 1/(n−1) எடை. மூன்று பேர் எழுதியதில் ஒரு ஜோடிக்கு 0.5; 201 பேர் எழுதியதில் 0.005. எப்படிப் பார்த்தாலும் ஒரு கட்டுரை அவருக்குத் தரும் மொத்த எடை 1தான். ஒவ்வொரு இணை ஆசிரியரோடும் ஐந்தாண்டில் சேர்ந்த எடைகளைக் கூட்டி, 1ஐத் தாண்டிய இணைப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். உண்மையான கூட்டாளிகள் அதில் தெரிந்துவிடுவார்கள்.

வெளிநாட்டுக் கூட்டு சதவீதத்தில் ஒரு பொறி உண்டு. இரண்டு நாட்டு நிறுவன முகவரி போடும் ஒருவர் தனியாக எழுதிய கட்டுரைகூட 'சர்வதேசக் கூட்டு' என்று பதிவாகிவிடக்கூடும். முகவரிகளை வைத்து எண்ணாமல் ஆட்களை வைத்து எண்ணுங்கள். கட்டுரை வெளிவந்தபோது இருந்த முகவரியைத்தான் எடுக்க வேண்டும், இன்றைய முகவரியை அல்ல.

குறிப்பெழுதி:
மிக்க நன்றி. மேற்கோளையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துவிடலாமா? அந்தப் பெரிய கூட்டில் அவர் உண்மையிலேயே உழைத்திருந்தால்?

அளவியல்:
வகுத்ததையும் முழு எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். 800 மேற்கோளை 200 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4. பகுப்பாய்வை நடத்தியவருக்கும் மாதிரி அனுப்பியவருக்கும் அதே 4. அந்த வித்தியாசத்தை எந்த வகுத்தலும் பிடிக்காது. கட்டுரையின் கடைசியில் பங்களிப்புக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். யார் என்ன செய்தார் என்று பதியும் 'கிரெடிட்' வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு: கருத்தாக்கம், மென்பொருள், சோதனை, முதல் வரைவு என்று. நான்கு கட்டுரைகளிலும் அவர் பெயருக்கு எதிரே இருப்பதை அப்படியே எடுத்து, மேற்கோள் எண்ணுக்கு நேராக ஒரு நெடுவரிசையில் போடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கட்டுரைக்கு அவரிடமே ஒரு வரி எழுதி வாங்கி, 'ஆய்வாளர் தந்த விவரம்' என்று குறிப்பிட்டுவிடுங்கள்.