நள்ளிரவு வெயில்: துளை போடாமல் கூரை ஜன்னலை மறைக்க வழி உண்டா?

வடக்கு நார்வேயின் டிரோம்சோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 20ஐத் தாண்டியும் இங்கே சூரியன் மறையாது. ஜூன் 21 நெருங்க நெருங்க, நான்கு வயது மகளுக்குத் தூக்கமே இல்லை. "இன்னும் பகல்தானே அப்பா" என்கிறாள். மறுக்கவா முடியும்?

சிக்கல் அவள் அறையின் சாய்வுக் கூரை ஜன்னல்தான். வடக்குப் பார்த்தது. நள்ளிரவு 12:45 வாக்கில் சூரியன் நேர் வடக்கில், அடிவானத்துக்கு மூன்று டிகிரி மேலே நிற்கிறது. எதிர்ச் சுவர் பளீரென்று எரிகிறது.

தடித்த திரை சாய்வில் தொங்கி, ஓரமெல்லாம் வெளிச்சம். அலுமினியத் தாள் ஒட்டினோம், கண்ணாடியில் நீர் கோத்து டேப் உரிந்துவிட்டது. கண்பட்டையைப் பிடுங்கி எறிகிறாள். மற்ற அறைகளை மாலையிலேயே இருட்டாக்கியும் பார்த்தாச்சு.

மரச்சட்டம், அகலம் சுமார் 78 செ.மீ. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். காற்றுக்குத் திறக்கவும் வேண்டும்.

இப்படிப்பட்ட ஜன்னலைத் துளை போடாமல் முழு இருட்டாக்க நீங்கள் எதைப் பொருத்தினீர்கள்?