பயோடீசல் ரேட் கான்ஸ்டன்ட் 65 டிகிரில கொறையுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

பினாங்கு_பையன்: அண்ணே அக்கா வணக்கம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், பயோடீசல் கைனெட்டிக்ஸ், அதாவது ரியாக்‌ஷன் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்குறது. எண்ணெய், மெத்தனால், கேட்டலிஸ்ட் போட்டு 50, 55, 60, 65 டிகிரில ஓட்டினேன், 65ல ரேட் கான்ஸ்டன்ட் (வேக மாறிலி) 60ஐ விட கம்மியா வருது, அரீனியஸ் ப்ளாட் (சூடு ஏற வேகம் எப்படி ஏறுதுன்னு காட்டுற கோடு) கடைசில மடங்கிப் போகுது, ஃபர்ஸ்ட் ஆர்டர் (வேகம் எண்ணெய் அளவுக்கு நேர் விகிதம்) ப்ளாட்டும் நேர்கோடா வரல. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர பாக்கணும், அவசரம் லா

லேப்கோட்: என்ன எண்ணெய்? என்ன கேட்டலிஸ்ட், எத்தன பர்சன்ட்? மோலார் ரேஷியோ? ஸ்டிரர் வேகம்?

மெத்தனால்மணி: மெத்தனால் 64.7லயே கொதிச்சிரும் தம்பி. ஆவிய குளிர வெச்சு திரும்ப உள்ள விடுற கண்டென்சர் இருக்கா?

ஜூரு_சோப்பு: எண்ணெய்ல இருக்கிற எஃப்எஃப்ஏ (ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்) எவ்ளோன்னு டைட்ரேட் பண்ணியா? 1 பர்சன்ட்டுக்கு மேலன்னா கேட்டலிஸ்ட் சோப்பாப் போயிரும்.

பினாங்கு_பையன்: பாம் ஆயில், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1%, மெத்தனால் எண்ணெய் ரேஷியோ 6:1. நாசி கண்டார் கடைல வாங்கின பழைய எண்ணெய். ஃபிளாஸ்க் வாயில அலுமினியம் ஃபாயில் சுத்திருக்கேன்

ஜூரு_சோப்பு: பழைய எண்ணெயா! இத மொதல்லயே சொல்ல மாட்டியா

மெத்தனால்மணி: ஃபாயிலா 😂 உன் 6:1 பாதி ஆவியாப் போயிருக்கும்.

பழைய_கெமிஸ்ட்: ஃபர்ஸ்ட் ஆர்டர்னு யாரு சொன்னா? பாம் ஆயிலுக்கு டார்னோகோ, செரியன் ரெண்டு பேரும் 2000லயே எழுதிட்டாங்க, ஆரம்பத்துல சூடோ செகண்ட் ஆர்டர், அதாவது வேகம் எண்ணெய் அளவோட வர்க்கத்துக்கு நேர் விகிதம். ட்ரைகிளிசரைடு (எண்ணெய்தான்) அளவால 1ஐ வகுத்து நேரத்துக்கு எதிரா வரைஞ்சு பாரு. நாங்கலாம் பேப்பர் படிச்சிட்டுத்தான் வாயத் தொறப்போம்.

லேப்கோட்: அண்ணே, கலக்கல் சரியா இருந்தாத்தான் அதுவும். எண்ணெயும் மெத்தனாலும் ஒட்டாது, மொத கொஞ்ச நேரம் ஸ்டிரர்தான் ரேட்ட முடிவு பண்ணும், எஸ்டர் (அதான் பயோடீசல்) உண்டானப்புறம்தான் ரெண்டும் கலந்து வேகம் எடுக்கும், கர்வ் எஸ் மாதிரி வளையும். அப்புறம் தம்பி, சாம்பிள் எடுத்ததும் ஆசிட் விட்டு நிறுத்துறியா? இல்லன்னா குப்பிக்குள்ளயே ரியாக்‌ஷன் ஓடிட்டிருக்கும்.

லாரி_பட்டர்வொர்த்: எந்த ரேட் வந்தா என்ன, பி10 (10 பர்சன்ட் பயோடீசல் கலந்த டீசல்) அடிச்சு என் ஃபில்டர் அடைச்சதுதான் மிச்சம்

மெத்தனால்மணி: அது உங்க டேங்க்ல படிஞ்ச பழைய அழுக்குண்ணே, பயோடீசல் கரைச்சு இழுத்துட்டு வருது.

லாரி_பட்டர்வொர்த்: அப்ப கேமரன் மலைல ஏன் 7 பர்சன்ட் கலந்த பி7?

மெத்தனால்மணி: குளிருக்கு. பாம் எஸ்டர் 15 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சு மங்க ஆரம்பிச்சிரும்.

லாரி_பட்டர்வொர்த்: பட்டர்வொர்த்ல ஏதுப்பா 15 டிகிரி, என் ஃபில்டர் இங்கதானே அடைச்சது

பழைய_கெமிஸ்ட்: லாரி கதைக்கு வேற இழை தொறங்க.

பினாங்கு_பையன்: பக்கத்து லேப்ல கண்டென்சர் கேட்டு வாங்கி மாட்டினேன், 65 இப்ப 60க்கு மேல வந்துருச்சு. செகண்ட் ஆர்டர் ப்ளாட்டும் மொத அரை மணி நேரம் நேரா நிக்குது. தேங்க்ஸ் எல்லாருக்கும்

ஜூரு_சோப்பு: எஃப்எஃப்ஏ எவ்ளோ வந்துச்சு, அத சொல்லிட்டுப் போடா

லேப்கோட்: ஆசிட் விட்டியா இல்லையா?

ஜூரு_சோப்பு: ஆளக் காணோம்