பின் பிரேக்: தேவையா, வெறும் பழக்கமா?

முன்சக்கரம்:
பைக்கில் பின் பிரேக்கையே நம்பி ஓட்டுகிறவரால் ஆபத்து நேரத்தில் வண்டியை நிறுத்த முடியாது என்பது என் கட்சி. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் போகிறது. முன் டயர் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன் பிரேக்கினுடையது. பாரமே இல்லாத சக்கரத்தைப் போட்டு மிதித்தால் சறுக்காமல் என்ன செய்யும்? புதிதாக ஓட்டுபவர்கள் பின் பிரேக்கை மறந்துவிடுவதே நல்லது.

அரைகிளட்ச்:
முக்கால் பங்கு சரி, மிச்சக் கால் பங்கை ஏன் வீணாக்க வேண்டும்? குறுகலான இடத்தில் யூ-டர்ன் எடுக்கும்போது ஹேண்டிலை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு முன் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி வண்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். அங்கே அரை கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசான மிதி, இந்த மூன்றும் இருந்தால் நடை வேகத்திலும் வண்டி ஆடாது.

முன்சக்கரம்:
யூ-டர்ன் வேறு கதை. நான் சொல்வது அவசர பிரேக். பதற்றத்தில் கால் அளவு பார்க்காது. ஷூ போட்ட காலுக்கு விரல்களின் நிதானம் வராது. பின் சக்கரம் சுழலாமல் லாக் ஆகி வண்டி பக்கவாட்டில் திரும்பிய பிறகு சட்டென்று காலை எடுத்தால், டயர் திடீரென்று பிடித்து ஆளை மறுபக்கம் தூக்கி எறியும்.

இரட்டைப்பிடி:
அது மிதிக்கிற விதத்தில் வரும் கோளாறு. முதலில் பின் பிரேக்கை லேசாகத் தொட வேண்டும், உடனே முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். முன்னால் இறுக இறுகப் பின்னால் காலைத் தளர்த்த வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பின் டயரின் பாரம் குறைகிறது. இன்னொன்று, பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கணக்கே மாறும். பின் டயர் நன்றாக அழுந்தியிருப்பதால் பின் பிரேக் நிறையவே உழைக்கும். நீளமான, தாழ்வான க்ரூஸர் வண்டிகளிலும் அப்படித்தான்.

பெடலின் உயரத்தையும் பாருங்கள். கால்தாங்கியில் பாதத்தை வைத்தால் பெடல் உள்ளங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கி நின்றால் காலை எடுத்து வைத்து மிதிக்க வேண்டியிருக்கும், தொடையின் கனம் மொத்தமும் அதில் இறங்கும். பலருக்கு லாக் ஆவது இதனால்தான்.

புதுஓட்டி:
சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

அரைகிளட்ச்:
முதலில் உங்கள் வண்டியில் எந்த ஏபிஎஸ் என்று பாருங்கள் நண்பரே. சிங்கிள் சேனல் என்றால் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் தாராளமாக லாக் ஆகும். அப்புறம், கியரைச் சடசடவென்று குறைத்தால் என்ஜினும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. அதன் மேல் பெடலையும் மிதித்தால் டயர் தாங்காது.

முன்சக்கரம்:
இரட்டைப்பிடி சொன்ன முறையை ஏற்கிறேன், நிதானமாக நிறுத்தும்போது. ஆனால் முதல் மாதத்தில் புதியவருக்கு முன் பிரேக்தான். அதில் மாற்றமில்லை.

இரட்டைப்பிடி:
முதல் வாரமே அவர் மணல் கொட்டிய திருப்பத்துக்கு வந்து நின்றால்? அங்கே முன் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் விழ வேண்டியதுதான். பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் நேர்ப்படுத்த வாய்ப்பு உண்டு.

முன்சக்கரம்:
மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுப்பேன். முன் பிரேக்கில்தான்.