டல்லாஸ் க்ரீன் ஏன் சொந்தப் பேர்ல ஆல்பம் போடல? சிட்டி அண்ட் கலர் பத்தி ஒரு டவுட்

கிட்டார்கிறுக்கன்:
அலெக்ஸிஸ்ஆன்ஃபயர்னு ஒரு கனடா ராக் பேண்ட், அத கேக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஜார்ஜ் பெட்டிட் தொண்டை கிழிய கத்துறதுக்கு நடுவுல இன்னொருத்தர் குரல் அவ்ளோ மென்மையா வரும்ல, அது யாருன்னு தேடிப்போனா டல்லாஸ் க்ரீன், அவரே சிட்டி அண்ட் கலர்னு தனியாவும் பாடுறாரு, முத ஆல்பத்த போட்டா கிட்டாரும் குரலும்தான், அப்படியே உக்காந்துட்டேன். தனி ஆளு, அப்புறம் எதுக்கு பேண்ட் மாதிரி ஒரு பேரு? அடுத்து எத கேக்கலாம்?

ராத்திரிரேடியோ:
டல்லாஸ் ஊரு, க்ரீன் கலரு, அவ்ளோதான் ப்ரோ, அவர் பேரேதான் அது. சொந்தப் பேர்ல வெளியிட ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. 2005ல அந்த முத ஆல்பம் சம்டைம்ஸ் வந்தப்போ பேண்டுக்கு கனடாவுல செம மவுசு, அந்த நேரத்துல மனசுல இருக்கறத இவ்ளோ வெளிப்படையா பாடிட்டு மேல தன் பேரையும் போட்டுக்கறது எல்லாராலயும் முடியாது.

மழைக்காலம்77:
கூச்சம்ங்கறது ஆரம்பத்துக்கு சரி, ஆனா அந்தப் பேரு அவருக்கு தனியா ஒரு இடம் குடுத்துச்சுன்னுதான் நான் சொல்லுவேன். ஸ்க்ரீமிங் எதிர்பார்த்து வர்ற ஃபேன்ஸ் இங்க ஏமாற மாட்டாங்க, இந்தப் பாட்டுங்க ஓடலன்னாலும் பேண்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நடந்தது தலைகீழ், சைடுல ஆரம்பிச்சது பெருசாயிடுச்சு, ரெண்டு பக்கமும் ஓடி ஓடி முடியாம அவரு சிட்டி அண்ட் கலர் போதும்னு முடிவெடுத்தாரு, 2011 ஆகஸ்ட்ல பேண்ட் கலையுதுன்னு அறிவிச்சாங்க, 2012 டிசம்பர் கடைசியில ஹாமில்டன்ல ஃபேர்வெல் ஷோ. எனக்கு அது இன்னிக்கும் வலிக்குது, ஆனா அவர குறை சொல்ல மனசு வரல. நல்லவேளை 2015ல திரும்ப மேடை ஏறிட்டாங்க, 2022ல அதர்னெஸ் வந்துச்சு, அதுக்கு முந்தின ஆல்பம் 2009ல.

தஞ்சாவூரான்:
கிட்டார்கிறுக்கன் ப்ரோ, அடுத்து 2008ல வந்த ப்ரிங் மீ யுவர் லவ் கேளுங்க, பாஞ்சோ ஹார்மோனிகான்னு சவுண்ட் கொஞ்சம் விரியும், ஸ்லீப்பிங் சிக்னஸ்ல ட்ராஜிக்லி ஹிப் பேண்டோட பாடகர் கார்ட் டவுனியும் கூட பாடுவாரு, அவர் குரல் உள்ள வர்ற இடத்த ஹெட்போன்ல கேளுங்க ப்ளீஸ். அப்புறம் 2011 லிட்டில் ஹெல். அங்க டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் வந்து முழு பேண்டாவே கேக்கும், பேண்ட் மாதிரி பேரு ஏன்னு கேட்டீங்கள்ல, அப்ப அந்தப் பேரு எவ்ளோ பொருத்தம்னு தெரியும். இன்னொண்ணு, 2014ல பாப் பாடகி பிங்க் கூட சேந்து பாடுனப்பவும் யூ+மீன்னு புதுசா ஒரு பேருதான் வச்சாங்க. ஒவ்வொரு விதமான பாட்டுக்கும் தனித்தனியா ஒரு வீடு கட்டி வைக்கிற ஆளு அவரு, வெறும் கூச்சம்னு எனக்குத் தோணல.

கிட்டார்கிறுக்கன்:
ஸ்லீப்பிங் சிக்னஸ் இப்பத்தான் போட்டேன். டவுனி குரல் வந்ததும் திரும்ப முதல்ல இருந்து வச்சேன். லிட்டில் ஹெல் நாளைக்கு.