இரண்டு நாள் பயணத்துக்கு ஆண்டு விக்னெட்: இது நியாயமா?

வடலி (பாரிஸ்):
போன மாதம் அக்கா மகளின் கலியாணத்துக்குக் காரில் சூரிச் போய், ஜேர்மனி வழியாகத் திரும்பினோம். சுவிஸ் ஓட்டோபானில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், ஓடியது இரண்டே நாள். அதில் ஓடுவதற்கான அனுமதிதான் விக்னெட்; அதற்குக் கட்டியது முழு ஆண்டுக்கான 40 ஃபிராங். ஒஸ்திரியாவில் 10 நாளுக்கு எடுக்கலாம், 2024 இலிருந்து ஒரு நாளுக்கும் எடுக்கலாம். பாதையைப் பாவிக்கிற அளவுக்குத்தானே காசு வாங்க வேண்டும்?

மூன்றாம்கியர் (பேர்ண்):
அண்ணை, பாவிக்கிற அளவுக்கு வாங்குவது உங்கள் பிரான்ஸ்தான். வரும் வழியில் கட்டிய பெயாஜ், அந்தச் சுங்கக் கட்டணம், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குப் போகும் மொன் பிளாங் சுரங்கம் 11.6 கிலோமீற்றர், ஒரு வழிக்கே 50 யூரோவுக்கு மேல். சுவிஸில் கொத்தார்ட் சுரங்கம் கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர். தனிக் காசு இல்லை, அந்த 40 ஃபிராங்குக்குள் அடக்கம். விலையும் 1995 இலிருந்து ஏறவில்லை. 100 ஆக்கப் பார்த்தார்கள், 2013 நவம்பரில் மக்கள் வாக்குப் போட்டு மறுத்துவிட்டார்கள்.

வடலி:
மலிவுதான், சரி. நான் கேட்பது நியாயம். ஆண்டு விக்னெட் என்றாலும் அது 14 மாதம் செல்லும்; நீங்கள் அத்தனையும் ஓடலாம், எனக்கு இரண்டு நாள். ஜேர்மனியும் கார்களுக்குச் சாலைக் கட்டணம் கொண்டுவந்து, உள்நாட்டவருக்கு மட்டும் வாகன வரியில் கழித்துவிடப் பார்த்தது. ஒஸ்திரியா வழக்குப் போட, 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று நிறுத்தியது. வழிப்போக்கன் தலையில் சுமத்தக் கூடாது என்பதுதானே அதன் அர்த்தம்?

மூன்றாம்கியர்:
அங்கே உள்ளூர்க்காரனுக்குச் சலுகை இருந்தது. இங்கே இல்லை. ஆண்டில் ஒரு தடவை ஓட்டோபான் ஏறும் என் மாமியும் அதே 40 தான் கட்டுகிறா.

அலையாத்தி (லியோன்):
விக்னெட் பரவாயில்லை, கொடுத்த காசுக்குப் பாதை கிடைக்கிறது. எனக்குக் கோபம், காரின் புகையைப் பார்த்து நகரின் சூழல் வலயத்துக்குள் விடுகிற சூழல் ஸ்டிக்கரில்தான். என்னுடையது 1995 பெற்றோல் கார். ஜேர்மனியில் அதற்குப் பச்சை ஸ்டிக்கர் கிடைத்தது. பிரான்ஸின் சூழல் ஸ்டிக்கரான கிறிட்எயாரில் அதற்கு வகுப்பே கிடையாது. அதே கார், அதே புகை! புதுக் கார் வாங்க வசதியில்லாதவர்தான் இதில் அடிபடுகிறார்.

செம்மண் (டோர்ட்முண்ட்):
அக்கா, அந்தப் புகையைச் சுவாசிப்பவரும் வசதியில்லாதவர்தான். பெரிய வீதியோரம்தானே வாடகை குறைவு? நாங்கள் அப்படி ஒரு வீட்டில் இருந்தோம், மகளுக்குத் தொய்வு. பழைய டீசல் வண்டிகள் நகருக்குள் வராமல் யாராவது தடுக்கத்தான் வேண்டும். தேவை முடிந்தால் எடுத்தும் விடுகிறார்கள்; ஹனோவரில் 2024 இல் அந்த வலயத்தையே நீக்கிவிட்டார்கள்.

வடலி:
மகளுக்காகச் சொல்வதை மறுக்க மாட்டேன், தம்பி. ஆனால் என் கார் மின்சாரக் கார். ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று ஜேர்மன் நகரமொன்றில் 100 யூரோ தண்டம் வந்தது. புகையே இல்லாத காருக்கு!

செம்மண்:
மின்சாரக் காருக்கும் அது வேண்டும், அண்ணை. இங்கே ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு வரும்போது பதிவுப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், வாகனப் பரிசோதனை நிலையத்தில் நின்ற நிலையில் வாங்கலாம். இலக்கத்தகடு மாறும் வரை அது போதும்.

வடலி:
ஒட்டுகிறேன். ஆனால் மின்சாரக் காருக்கான கிறிட்எயார் பூச்சியம் ஸ்டிக்கர் ஏற்கனவே கண்ணாடியில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.