உச்சி வெயிலில் பட்டமளிப்பு குரூப் போட்டோ: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு புகைப்படக்காரர்:

நம் பக்கத்துக் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தாலும், சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து காரில் வந்து சேர்ந்து, உரை முடிந்து, கடைசி மாணவர் பட்டம் வாங்கி இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். விருந்தினர் புறப்படுவதற்குள் குரூப் போட்டோவை முடித்தாக வேண்டும் என்பதால், வெயில் தாழட்டும் என்று சொல்ல நமக்கு வழியே இருப்பதில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எடுத்ததைச் சொல்கிறேன். சூரியனை எதிரில் நிற்பவரின் முதுகுப்பக்கம் வைத்து எடு என்றுதான் தொழில் கற்கும்போது நமக்குச் சொல்லித்தருகிறார்கள். வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நாட்களில் முதுகுப்பக்கமும் கிடையாது, முகப்பக்கமும் கிடையாது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதாலும், நாம் அதற்கு மேற்கே இருப்பதாலும், உச்சிப்பொழுது இங்கே கடிகாரத்தில் பன்னிரண்டேகால் வாக்கில் வருகிறது, அதாவது நம்மைப் படமெடுக்கக் கூப்பிடும் அதே நேரத்தில். கண்குழிகள் இருண்டுவிடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், போதாததற்குச் சதுரத் தொப்பியின் விளிம்பு பாதி முகத்தைக் கருப்பாக்கிவிடும்.

ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாமே என்பவர்களுக்குக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழு வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 16, ஷட்டர் வேகம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது பழைய அளவு. பெரும்பாலான கேமராக்கள் இருநூற்றில் ஒரு பங்கு வேகம் வரையில்தான் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் என்பதால், அந்த வேகத்துக்கு ஈடாகத் திறப்பை ஒரு படி பெரிதாக்கி எஃப் 11இல் நிற்க வேண்டியிருக்கிறது. கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், அதை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ் எஃப் 11இல் சுமார் 3.3 மீட்டர் தூரத்துக்கே முழு வெளிச்சம் தரும். நான்கு வரிசைக் குழுவை எடுக்க நாம் ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்கிறோம். அவ்வளவு தூரத்தில் அது நிழலைக் கொஞ்சம் தணிக்குமே தவிரப் போக்காது.

ஆகவே அன்று போர்டிகோவுக்கு மேலே இருந்த திறந்த மாடத்தில் ஏறிக்கொண்டேன். “ஏன் தம்பி, போன வருஷம் வந்தவர் கீழே நின்றுதானே எடுத்தார்?” என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். “சார், எல்லாரும் என்னை நிமிர்ந்து பார்த்தால் வெயில் தலையில் விழாமல் முகத்தில் விழும்” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றாலும், விசிலை ஊதி மாணவர்களைச் சிமென்ட் தளத்தில் வரிசைப்படுத்திக் கொடுத்தார். புல்வெளியில் நிறுத்தத்தான் நிர்வாகம் விரும்பியது. ஆனால் வெளுத்த சிமென்ட் தளம் வெளிச்சத்தைக் கீழிருந்து தாடைக்குத் திருப்பி அனுப்பும், புல் பச்சையைத்தான் அனுப்பும். தொப்பியை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளச் சொல்லி, குஞ்சத்தைக் காதோரம் ஒதுக்கி, வெள்ளைச் சட்டைக் காலரும் நெற்றியும் வெளுத்துப்போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தேன். கருப்பு அங்கியின் மடிப்புகளை அப்புறம் கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன நெற்றியை மீட்க முடியாது. மேலிருந்து எடுத்ததில் இன்னொரு நன்மை, பின்வரிசைக்குப் பெஞ்சு தேவைப்படவில்லை.

குடியாத்தத்திலிருந்து இன்னொரு புகைப்படக்காரர்:

மாடி இல்லாத வளாகங்களில் மரத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லா மர நிழலும் ஒன்றல்ல. ஒரு கல்லூரியில் முதல்வர் தாமே ஆசையாக வளர்த்த வேப்பமரத்தடியில்தான் எடுக்க வேண்டும் என்றார். வேம்பின் சிற்றிலைகளுக்கிடையே வடியும் வெயில் முகங்களில் சிறுத்தையின் புள்ளிகளைப் போல விழுந்தது. நிழல் விழுந்த முகத்தைத் திருத்தலாம், அறுபது முகங்களில் ஆளுக்கொரு இடத்தில் விழுந்த வெயில் துண்டுகளை என்ன செய்வது? கேமராத் திரையில் அவருக்கே காட்டிய பிறகு, அடர்ந்த இரண்டு புங்கமரங்களின் கீழ் மாறச் சம்மதித்தார்.

புங்க நிழலில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இலை வழியாக வரும் பச்சைச் சாயல் வெள்ளைச் சட்டையில் ஏறும். அந்த நிழலிலேயே ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமநிலையை, அமைத்துக்கொண்டால் பெருமளவு போய்விடும். மற்றது பின்னணி. பின்னால் வெயில் காயும் மைதானம் இருந்தால் முகத்துக்கு வெளிச்சம் வைத்தவுடன் மைதானம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது என்பதால், பின்புறம் சுவரோ வேறு மரங்களோ வரும்படி மொத்தக் குழுவையும் திருப்பி நிறுத்துவேன்.

பாகாயத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்:

நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்துச் செய்தியைச் சொல்கிறேன். முன்வரிசை இரும்பு நாற்காலிகளை அரைமணி முன்பே வெயிலில் போட்டுவிடுகிறார்கள். அதில் உட்கார்ந்தவர் முகத்தில் எந்தப் புன்னகை வரும்? மாணவர்களை முழுவதும் நிறுத்தி முடித்த பிறகே நாற்காலியையும் ஆசிரியர்களையும் கொண்டுவாருங்கள், எங்களில் பலருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எங்களுக்கு வாய்த்த ஒரு புகைப்படக்காரர், எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று என்றதும் திறக்கச் சொல்லி, அந்தக் கணத்தில் எடுப்பார். அவர் படங்களில் கண்கள் இடுங்கியிருந்ததே இல்லை.

எங்கள் துறையில் பிற்பாடு, விழாவுக்கு முன் எட்டரை மணிக்கே, அங்கி கொடுத்தவுடன் குழுப்படத்தை எடுத்துவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஏப்ரலில் அந்நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். பட்டம் கையில் இல்லாமல் படமா என்று பெற்றோர் சிலர் குறைபட்டார்கள். மேடையில் கொடுப்பதே பல நேரம் வெற்றுக் குழல்தான் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

மீண்டும் காட்பாடியிலிருந்து:

கட்டடத்தின் எந்தப் பக்கம் நிழல் கிடைக்கும் என்று தனியே கேட்டவருக்கு: டிசம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கே சுமார் 54 பாகை உயரத்தில் நிற்பதால், 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் வடபுறம் ஒன்பது மீட்டரை ஒட்டி நிழல் விழும், நான்கு வரிசையும் அதில் அடங்கிவிடும், கேமராவும் நிழலிலேயே நிற்கலாம். ஜூன் பிற்பகுதியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தென்புறம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். அதில் ஒரு வரிசைக்கு மேல் நிற்காது. மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.