இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) பார்த்து எந்த வகை டிப்ரஷன் (மனச்சோர்வு) என்று சொல்ல முடியுமா?

தண்டையார்பேட்டை தம்பி:
அண்ணன் ஹார்பரில் வேலை. இப்போது யாரிடமும் பேச்சில்லை, தூக்கமில்லை, சோறும் இறங்கவில்லை. போன வருஷம் நேர் எதிர்: கடன் வாங்கி ரெண்டு ஆட்டோ வாங்கிப் போட்டார், ராத்திரியெல்லாம் பேச்சுதான். ஒரு சென்டரில் ‘பிரெயின் மேப்பிங்’ என்று இ.இ.ஜி. எடுத்து, கலர் படம் கொடுத்து, "இடது முன்பக்கம் ஆல்ஃபா அலை அதிகம், டிப்ரஷன்தான்" என்றார்கள். வெறும் டிப்ரஷனா, பைபோலாரா (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்று இதில் தெரியுமா?

வியாசர்பாடி டெக்னீசியன்:
தெரியாது தம்பி. இ.இ.ஜி. எடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். ஆல்ஃபா என்பது நொடிக்கு 8 முதல் 13 தடவை அடிக்கும் அலை. மூளையின் ஒரு பகுதி சும்மா இருந்தால் அங்கே அது கூடும். இடது முன்மூளை மந்தமானால் மனச்சோர்வு என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் டேவிட்சன் பிரபலமாக்கினார். கும்பலாகச் சராசரி எடுத்தால் சில ஆய்வுகளில் வித்தியாசம் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. நோயே இல்லாதவர்களுக்கும் அப்படி வரும். ஒரு ஆளை வைத்து முடிவு கட்ட அது போதாது.

இன்னொன்று. ராத்திரி தூங்காதவர் நாற்காலியில் சாய்ந்தால் கண் சொருகும். உடனே ஆல்ஃபா கலைந்து தீட்டா என்ற மெதுவான அலை தலைகாட்டும். தூக்க மாத்திரை போட்டிருந்தால் பீட்டா என்ற வேகமான அலை கூடும். தலையில் எண்ணெய் இருந்தால் பேஸ்ட் சரியாகப் பிடிக்காது, கோடெல்லாம் குதிக்கும். (தலைக்கு ஷாம்பு போட்டு வரச் சொன்னால் தேங்காய் எண்ணெய் வைத்து வகிடெடுத்து வருகிறார்கள்!) இதையெல்லாம் கம்ப்யூட்டர் அழகாகக் கலர் அடித்துக் கொடுத்துவிடும். வலிப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டர்கள் பெரும்பாலும் எங்களிடம் அனுப்புவார்கள்.

ராயபுரம் நர்ஸக்கா:
தூங்கும்போது எடுக்கும் இ.இ.ஜி. கொஞ்சம் சுவாரசியம். சாதாரணமாகக் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் போல ஆகும். கடுமையான மனச்சோர்வில் பலருக்குச் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் எல்லாருக்கும் இல்லை, வேறு நோய்களிலும் வரும். பைபோலாரைக் காட்டிக்கொடுப்பது உங்கள் ஆட்டோ கதைதான். அதைச் சொன்னீர்களா? பைபோலார் இருப்பவருக்கு டிப்ரஷன் மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்குப் போன வருஷம் மாதிரி வெறி கிளம்பிவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "செத்துப்போகலாம்" என்கிற மாதிரி பேசினால் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் போடலாம்.

தண்டையார்பேட்டை தம்பி:
ஆட்டோ விஷயத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டெஸ்ட் எடுக்கும்போது தூங்கி வழிந்தார், அதுவும் உண்மை. நாளைக் காலையிலேயே அண்ணியோடு ஸ்டான்லி போகிறோம். அந்தப் படத்தையும் எடுத்துப் போகவா?

ராயபுரம் நர்ஸக்கா:
எடுத்துப் போங்க. பழைய மாத்திரைச் சீட்டும் வேணும். கடன் கதையை மட்டும் அண்ணியை விட்டுச் சொல்லச் சொல்லுங்க, கூடவே இருந்து பார்த்தவங்க அவங்கதானே.